பழைய துணிக்கடை அளவு மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தையல் மேசையின் ஓரத்தில் ஒரு பழைய துணி அளக்கும் மெஷின் இருக்கிறது. அமெரிக்கத் துணிக்கடை ஒன்றில் பல காலம் உழைத்து ஓய்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் தையல் மெஷினைக் கூடப் பார்ப்பதில்லை, நேரே இதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விகள். நான் போகும் தையல் குழுவில், இந்த மெஷின் ஓடிய கடைகளில் சிறுமிகளாகத் துணி வாங்கப் போன மூத்த பெண்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதையும், கழற்றிப் பூட்டி நானே தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன, தராசா? தையல் மெஷினோட பாகமா?

இரண்டும் இல்லை. துணியின் நீளத்தை அளந்து சொல்லும் கடைக் கருவி. பார்க்க ஒரு மேசைக் கடிகாரம் மாதிரி இருக்கும். கனமான உலோக உடம்பு, முன்பக்கம் எண்கள் போட்ட வட்ட முகப்பு, ஒரு பக்கம் துணியின் ஓரத்தை நுழைக்க நீளமான வாய், பக்கவாட்டில் விரலால் அழுத்தும் கைப்பிடி. கடை மேசையின் விளிம்பில் திருகி நிறுத்திவிடுவார்கள்.

சுருளிலிருந்து துணியைப் பிரித்து, அதன் ஓரத்தை அந்த வாயில் கொடுத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபக்கம் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க முள் நகரும். வேண்டிய அளவு வந்ததும் நிறுத்தி, கைப்பிடியை அழுத்தினால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். அவ்வளவுதான் வேலை.

எந்த ஊர்ல, எந்தக் காலத்துல இருந்தது?

அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது. பல மாடிக் கடைகளின் துணிப் பிரிவிலும், சின்ன ஊர்த் துணிக்கடைகளிலும் பல பத்தாண்டுகள் ஓடியது. இதில் எல்லோர் வாயிலும் நின்ற பெயர் ‘மெஷர்கிராஃப்’. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்த மெஷர்கிராஃப் நிறுவனம் செய்தது. வேறு பெயர்களிலும் இதே மாதிரிக் கருவிகள் வந்தன. ஆனாலும் அந்தக் கடைகளில் நின்றவர்களைக் கேட்டால், எந்தப் பெயரில் வந்ததாக இருந்தாலும் மெஷர்கிராஃப் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

உள்ளே என்ன இருக்கு? எப்படி அளக்குது?

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உருளைகள். ஒன்று அளக்கும் உருளை. இன்னொன்று துணியை அதன்மேல் லேசாக அழுத்திப் பிடிக்கும் உருளை. நடுவில் துணி போகும்போது அளக்கும் உருளை கூடவே சுழலும். உருளையின் சுற்றளவு தெரிந்தால், அது எத்தனை சுற்று சுற்றியது என்பதே நீளம். உதாரணமாகச் சுற்றளவு 9 அங்குலம் என்றால் நாலு சுற்றுக்கு 36 அங்குலம், அதாவது ஒரு கெஜம். அந்தச் சுழற்சியைப் பற்சக்கரங்கள் வாங்கி முள்ளுக்குக் கொடுக்கும்.

கழற்றிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, உள்ளே எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான். சில பற்சக்கரங்கள், ஒரு சுருள்வில், முள்ளை உடனே பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் ஒரு சின்ன இணைப்பு. மின்சாரம் கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம். துணியை இழுக்கும் கையே அதை ஓட்டுகிறது.

கெஜத்துல எட்டில் ஒண்ணுன்னு ஏன் இப்படி ஒரு கணக்கு?

முகப்பில் ஒவ்வொரு கெஜமும் எட்டுப் பங்காகப் பிரிந்திருக்கும். ஒரு பங்கு நாலரை அங்குலம். கெஜத்தைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, இன்னொரு முறை பாதியாக்கினால் எட்டில் ஒன்று வந்துவிடும். துணியை மடித்தே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் தைப்பவர்கள் ஆடையின் பாகங்களை வடிவமாகக் காட்டும் தாள்களை வாங்கி, அவற்றைத் துணிமேல் வைத்து வெட்டுவார்கள். எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் 1863இல் வெவ்வேறு அளவுகளில் இப்படிப்பட்ட தாள்களை விற்க ஆரம்பித்தார். அந்த வழக்கம் பரவிய பிறகு, தாள் உறையின் பின்பக்கத்தில் இன்ன அகலத் துணி என்றால் இத்தனை கெஜம் என்று அட்டவணையே போட்டுவிட்டார்கள். அதில் மூன்றே காலே அரைக்கால், இரண்டே அரைக்கால் என்ற ரீதியில்தான் அளவு இருக்கும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. உறையில் உள்ளதைச் சொன்னால் போதும், முள் அங்கேயே போய் நிற்கும்.

விலையையும் அதுவே சொல்லிடுமா? கரண்ட்டே இல்லாம எப்படி?

விலை காட்டும் வகைகள் உண்டு. அவற்றுக்குள் காகிதம் சுற்றிய ஓர் உருளை இருக்கும். அந்தக் காகிதம் முழுக்கப் பொடி எழுத்தில் அச்சிட்ட பெருக்கல் வாய்ப்பாடு. ஒரு கெஜத்துக்கு இன்ன விலை என்ற வரிசை கண்ணாடிக்கு அருகில் நிலையாக இருக்கும். துணி போகப் போக உருளை திரும்பி, அந்தந்த விலைக்கு நேரே மொத்தத் தொகையைக் கொண்டுவரும்.

கெஜம் 39 சென்ட் துணியில் மூன்றே முக்காலுக்கு அரைக்கால் குறைவு, அதாவது மூன்றே எட்டில் ஐந்து கெஜம் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று கெஜத்துக்கு 117, மீதிக்கு 24 சென்ட்டும் கொசுறும், ஆகமொத்தம் 1 டாலர் 41 சென்ட். கூட்டம் நிற்கும்போது இதை மனக்கணக்காகப் போடுவது சுலபமில்லை. மெஷினில் அந்த எண் ஏற்கெனவே அச்சாகிக் காத்திருக்கிறது. அது கணக்குப் போடவில்லை, யாரோ முன்பே பொறுமையாகப் போட்டு வைத்த கணக்கைச் சரியான நேரத்தில் திருப்பிக் காட்டுகிறது.

கைப்பிடியை அழுத்தினா ‘டக்’குனு ஒரு சத்தம் வருமாமே?

வரும். தையல் குழுவில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். முதலில் சுருளைத் தூக்கித் தூக்கிப் பிரிக்கும்போது மேசைமேல் ‘தொப் தொப்’. அடுத்து உருளை ஓடும் மெல்லிய கரகரப்பு. துணி நின்றதும் ஒரு நொடி அமைதி. அப்புறம் அந்த ‘டக்’. கடைசியில் ‘சர்ர்’ரென்று கிழிக்கும் ஓசை. ஓர் அம்மா சொன்னார்: அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது மேசை விளிம்பு சரியாகக் கண் மட்டத்துக்கு வந்ததாம். முகப்பில் இருந்த எண்களை வைத்தே தனக்கு அரை, கால், அரைக்கால் எல்லாம் புரிந்தது, பள்ளியில் பின்னம் நடத்தியபோது புதிதாக எதுவும் இல்லை என்றார்.

அந்த ‘டக்’கைச் செய்வது ஒரு சின்ன வெட்டுக்கத்தி. கைப்பிடியோடு இணைந்திருக்கும். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டுப் போடும். அது விழுந்த பிறகு பேரம் முடிந்தது, மாற்ற முடியாது. அதனால் அழுத்தும் முன் கடைக்காரர் நிமிர்ந்து வாங்குபவர் முகத்தை ஒரு தரம் பார்ப்பாராம். மூன்று பேர் தனித்தனியாக இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஏன் கத்தரியால வெட்டாம கிழிச்சாங்க?

சாதா நெசவுப் பருத்தித் துணி ஊடை நூலை, அதாவது அகலவாக்கில் ஓடும் நூலை, ஒட்டித்தான் கிழியும். ஒரு நூல் விட்டு இன்னொரு நூலுக்குத் தாவாது. அதனால் கிழித்த விளிம்பு, கத்தரியால் கண்பார்வைக்கு வெட்டியதைவிட நெசவுக்கு நேராக இருக்கும். ஆனால் துணியின் ஓரக் கரை அடர்த்தியாக நெய்தது, வெறும் கையால் அதைத் தொடங்க முடியாது. அந்தக் கரையை உடைக்கத்தான் மெஷின் போடும் வெட்டு.

எல்லாத் துணிக்கும் இது ஒத்துவராது. பின்னலாடைத் துணி, வெல்வெட், கார்டுராய், சாய்நெசவுத் துணி இவற்றையெல்லாம் வெட்டுக்குறி வரைக்கும் அளந்துவிட்டு, கத்தரியால் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

இது வர்றதுக்கு முன்னாடி எப்படி அளந்தாங்க?

கெஜக்கோல். இல்லாவிட்டால் மேசை விளிம்பில் ஒரு கெஜ இடைவெளியில் அடித்து வைத்த பித்தளை ஆணிகள். துணியை ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு நீட்டி, எண்ணிக்கொண்டே போவார்கள். அதற்கும் சுலபம், மூக்கு நுனியிலிருந்து நீட்டிய கையின் விரல் நுனி வரை ஒரு கெஜம் என்று வைத்துக்கொள்வது. கை நீளமான கடைக்காரரிடம் வாங்கியவருக்கு யோகம்.

கோலும் ஆணியும் போதுமே, மெஷின் எதுக்கு?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கோலில் நீளத் துணி அளக்கும்போது ஒவ்வொரு கெஜத்துக்கும் ஒரு தரம் விரலால் பிடித்து, நகர்த்தி, மறுபடி வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் விரல் அகலம் இப்படியோ அப்படியோ போகும். பத்துக் கெஜம் என்றால் பத்துத் தடவை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கையே தப்பும். எத்தனாவது என்று வாங்குபவரும் கடைக்காரரும் ஆளுக்கொரு எண் சொல்லுவார்கள். மெஷினில் துணி ஒரே ஓட்டமாகப் போகிறது, எண்ணிக்கையை முள் வைத்துக்கொள்கிறது.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, எண் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்தது. கோலில் அளந்தபோது அளவு கடைக்காரரின் விரலில் இருந்தது, அவர் சொல்லித்தான் மற்றவருக்குத் தெரியும். இங்கே வாங்குபவரும் கூடவே பார்க்கிறார். பேசாமல் நின்ற குழந்தைகூடப் பார்த்தது. தையல் குழுவில் இருப்பவர்கள் இந்தக் கருவியை இவ்வளவு பிரியமாக நினைத்துக்கொள்வதற்கு, சத்தத்தைக் காட்டிலும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றும்.

கண்ணுக்குத் தெரிஞ்சா போதுமா? கடைக்காரர் ஏமாத்த முடியாதா?

முடியும். மெஷின் அளப்பது அந்த நொடியில் உருளையைத் தாண்டும் துணியை. நெளிந்து கொடுக்கும் துணியை விறைப்பாக இழுத்தால், இழுபட்ட நீளத்தைத்தான் முள் காட்டும். 34 அங்குலத் துணி 36ஆக இழுபட்டால் முள் ஒரு கெஜம் என்றே சொல்லும், மேசைமேல் விட்டதும் துணி பழையபடி சுருங்கிக்கொள்ளும். நல்ல கடைக்காரர் அதற்காகவே சுருளிலிருந்து முதலில் நாலைந்து கெஜம் தளர்வாகப் பிரித்துப் போட்டுவிட்டு, அப்புறம் அளப்பார். சுருளிலிருந்து நேரடியாக மெஷினுக்குள் இழுத்தால் சுருளின் கனமே துணியை இழுத்துப் பிடிக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வழவழப்பான துணி உருளையைச் சுழற்றாமல் வழுக்கிக்கொண்டு போனால், முள் குறைவாகக் காட்டும், துணி கூடுதலாகப் போகும். நஷ்டம் கடைக்கு. பூஜ்யத்துக்கு வராத முள்ளில் ஆரம்பிப்பது இன்னொரு தவறு. வாங்குபவர் கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம்: முள் பூஜ்யத்தில் இருக்கிறதா, துணி தொய்வாக உள்ளே போகிறதா.

தடியான துணின்னா அளவு மாறாதா?

துணி இரண்டு உருளைகளுக்கு நடுவில் நேராகப் போய் வெளியே வந்தால் பெரிதாக மாறாது. உருளையைச் சுற்றி வளைந்து போனால்தான் வித்தியாசம். மேலே சொன்ன 9 அங்குல உருளையையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் 36 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள துணி அதை முழுக்கச் சுற்றிப் போனால், துணியின் நடுப்பகுதி உருளையின் மேற்பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது. ஆரத்தோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கு 1.4 பங்கு. ஒரு கெஜத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம். முள் குறைவாகக் காட்டும், ஆகவே வாங்குபவருக்கு லாபம். அதனால்தான் உருளைகளின் நடுவே துணி வளையாமல் தொட்டுச் செல்வது நல்லது.

ஒரு ஓரத்தை மட்டும்தானே அளக்குது? மறு ஓரம் குறைஞ்சா என்ன பண்றது?

நன்றாக யோசித்துக் கேட்ட கேள்வி. சில துணிகளில் ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கும். சுருளில் சுற்றும்போதோ சாயப் பட்டறையிலோ அப்படி ஆகிவிடும். இந்தத் துணியைக் கிழித்தால் கிழிசல் கோணலாகப் போவதுபோல் தெரியும். வாங்குபவர் பதறுவார், மறு ஓரம் குட்டையாகிவிட்டதே என்று.

உண்மையில் நஷ்டமில்லை. முந்தைய வாடிக்கையாளருக்குக் கிழித்த முனையும் அதே சாய்வில்தான் இருக்கிறது. இரண்டு முனையும் ஊடை நூலை ஒட்டியே கிழிந்திருப்பதால், இரண்டு ஓரத்திலும் நீளம் சமம். வீட்டுக்குக் கொண்டுவந்து மூலைவிட்டமாக இழுத்து நேராக்கினால் சதுரமாக வந்துவிடும். மாறாக, மேசையின் கோட்டுக்கு நேராகக் கத்தரியால் வெட்டிய துணியில்தான் இழப்பு. பார்க்க நேராக இருக்கும், ஆனால் நூலுக்கு நேராக்கும்போது இரண்டு முனையிலும் முக்கோணமாக வீணாகும்.

சரியா அளந்து வாங்கினது, துவைச்சதும் குறைஞ்சு போச்சே?

அது மெஷின் குற்றமில்லை. நெசவிலும் பதப்படுத்துதலிலும் இழுபட்ட பருத்தி, முதல் தண்ணீரில் தன் இயல்பு நீளத்துக்குத் திரும்புகிறது. சான்ஃபர்ட் கிளூயட் கண்டுபிடித்த முறையில் முன்கூட்டியே சுருக்கிய துணிகள் 1930களில் பரவின. ‘சான்ஃபரைஸ்டு’ என்று முத்திரை இருந்தால் அதன் பிறகு சுருக்கம் ஒரு சதவீதத்துக்குள் நின்றது. முத்திரை இல்லாத துணியென்றால் அரைக்கால் கெஜம் கூட வாங்குவார்கள்.

1959இல கெஜமே மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, அப்போ பழைய மெஷின் தப்பா?

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆறு நாடுகளும் 1959இல் ஒரு கெஜம் என்பது சரியாக 0.9144 மீட்டர் என்று ஒத்துக்கொண்டன. அதற்கு முன்பு, 1893 முதல், அமெரிக்கக் கெஜம் ஒரு மீட்டரில் 3937இல் 3600 பங்காக இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. துணியில் ஒரு நூலின் தடிமன்கூட வராது. தைரியமாக அளக்கலாம்.

இவ்வளவு நல்ல மெஷின் ஏன் காணாமப் போச்சு?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயத்த ஆடை மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் வீட்டில் தைப்பவர்கள் குறைந்தார்கள், துணிப் பிரிவுகளே மூடின. விலைவாசி ஏறியபோது, அச்சிட்ட விலைத் தாளில் இருந்த விலைகளைத் துணி தாண்டிப் போனது. நெளிந்து கொடுக்கும் பாலியெஸ்டர் பின்னல் துணி 1960களிலும் 70களிலும் வெள்ளமாக வந்தது. அதை இழுத்து அளந்தால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன், கிழிக்கவும் முடியாது. கணக்குப் போட மின்னணுக் கல்லா வந்தது. மேசையிலேயே அளவுகோல் பதித்து, துணியை விரித்துப் போட்டு வெட்டுவது சுலபமாகிவிட்டது.

பழசு ஒண்ணு கிடைச்சா வாங்கலாமா? என்ன பார்க்கணும்?

வாங்கலாம். பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் விசை வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து உருளைகள் தடையில்லாமல் சுழல்கின்றனவா. வெட்டுக்கத்தி மழுங்கியிருந்தால் பரவாயில்லை, தீட்டிக்கொள்ளலாம். விலைத் தாள் கிழிந்திருந்தால் மட்டும் யோசியுங்கள், அதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது. எண்ணெயைத் தாராளமாக விடாதீர்கள். உருளைக்கு வந்துவிட்டால் அளக்கும் ஒவ்வொரு துணியிலும் கறை. பற்சக்கரத்தின் அச்சில் ஊசி முனையால் ஒரு சொட்டு போதும்.

இதை வெச்சு இப்போ துணி வியாபாரம் பண்ணலாமா?

ஆசைப்பட்டு அப்படியே மேசையில் மாட்டி விற்கக் கூடாது. விற்பனைக்கு அளக்கும் கருவி எதுவானாலும் எடையளவு அதிகாரிகள் சோதித்து ஏற்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்று உள்ள ‘கையேடு 44’இல் துணி அளக்கும் கருவிகளுக்கெனத் தனிப் பகுதியே இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

உங்களுது சரியா அளக்குதா?

வந்த புதிதில் அளக்கவில்லை. நெளியாத பருத்தி நாடாவில் சரியாக 5 கெஜம் குறித்து உள்ளே விட்டேன். நாலே முக்காலே அரைக்கால் என்று காட்டியது. எட்டில் ஒரு பங்கு குறைவு. திரும்பத் திரும்ப மூன்று தடவை விட்டும் அதே இடம்தான்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். அளக்கும் உருளையின் அச்சில் நூல் சுற்றியிருந்தது, இறுகிப்போன எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாக ஒரு வளையம் மாதிரி. அதனால் உருளை தயங்க, துணி வழுக்கியிருக்கிறது. தையல் ஊசியால் ஒவ்வொரு சுற்றாக எடுத்தேன். மேலே வெள்ளை, அதற்குக் கீழே கருநீலம், அப்புறம் ஒரு மெல்லிய சிவப்பு, அடியில் பழுப்பு. எத்தனையோ பேர் வாங்கிப்போன துணிகளின் ஓரத்திலிருந்து பிரிந்து வந்த இழைகள். எடுத்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. பூட்டி, அதே நாடாவை விட்டபோது முள் ஐந்தில் போய் நின்றது. அந்த இழைகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, ஒரு பொத்தான் டப்பாவில் வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டுவேன்.